துளசிமணி வீட்டுப் புற்று

நகம் உள்ளே போய்விட்டது. வாசல் நிலையின் இடது காலில், முழங்கால் உயரத்தில், பெயின்ட் லேசாக உப்பியிருந்த இடத்தைத் துளசிமணி சும்மாதான் அழுத்திப் பார்த்தாள். அப்பளம் மாதிரி நொறுங்கி, கட்டைவிரல் நகம் முழுசும் மரத்துக்குள் போய் நின்றது. வலிக்கவில்லை. வலித்திருந்தால்கூடத் தேவலை. விரலை எடுக்காமல் அப்படியே நின்றாள். எடுத்தால் ஓட்டை தெரியும், தெரிந்தால் அது உண்மையாகிவிடும், உள்ளே இருக்கிற வரைக்கும் அது வெறும் விரல்தானே என்று என்னவோ ஒரு எண்ணம். தேக்கு. தேக்கைக் கரையான் தொட்டுக்கூடப் பார்க்காதுங்க என்று மரக்கடைக்காரர் சத்தியம் செய்யாத குறைதான். வீட்டில் மற்றதெல்லாம் அவள் கணவன் நாச்சிமுத்து பார்த்துக் கட்டியது; இந்த நிலை மட்டும் அவளுடையது. திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளுக்கு முன்னால் நின்று நின்று கால் நரம்பெல்லாம் சுருண்டு போய், அந்த ஓவர்டைமில் வாங்கிய நிலை. அதை நிறுத்திய அன்றைக்கு நவதானியத்தை மஞ்சள் துணியில் முடிந்து நிலையின் தலையில் கட்டியதும், மேஸ்திரி 'அம்மணி, உங்க கையால பால் ஊத்துங்க' என்றதும், அவள் கை நடுங்கிப் பாதிப் பால் சேலையில் கொட்டியதும் நினைவுக்கு வந்தது. எத்தனை பேர் அன்றைக்குச் சிரித்தார்கள். சிரிக்கட்டும். வாடகை வீடுகளில் அடுத்தவன் நிலையில் தலை இடித்துக்கொண்டே பாதி ஆயுசு போன பிறகு, சொந்த நிலைக்கு நடுங்காத கை என்ன கை. மெதுவாக விரலை எடுத்தாள். ஓட்டையிலிருந்து வெள்ளையாக ஒரு பூச்சி எட்டிப் பார்த்தது. இவள் யார் என்பதுபோல் கொஞ்சம் நின்றது, பிறகு தன் வேலையைப் பார்க்க உள்ளே போய்விட்டது.

அதற்கென்ன, அதற்குத் துணைக்கு ஊரே இருக்கிறது. நிலைக்கு அந்தப் பக்கம், வீட்டுச் சுவருக்கும் காம்பவுண்டுக்கும் நடுவிலுள்ள சந்தில், இடுப்பு உயரத்துக்கு நிற்கிறது புற்று. மஞ்சள் துணி சுற்றி, வேப்பிலை செருகி, உச்சியிலிருந்து அடிவரைக்கும் குங்குமம் அப்பி, புதுப்பெண்ணைவிட ஜோராக நிற்கிறது. எல்லாம் ஒரு பொட்டில் ஆரம்பித்தது. போன மழைக்காலத்தில் கைப்பிடி அளவுக்கு மண் கிளம்பியிருந்தபோது மண்வெட்டியை எடுத்துத் தட்டிவிட்டிருந்தால் தீர்ந்திருக்கும். சனிக்கிழமை தட்டலாம், ஞாயிற்றுக்கிழமை தட்டலாம் என்று அவள் நாள் பார்த்துக்கொண்டிருந்தாள். கறிவேப்பிலை கேட்டு வந்த முக்குவீட்டுச் சரசக்கா அதைப் பார்த்துவிட்டாள். பார்த்தவள் கறிவேப்பிலையை மறந்தாள். தன் நெற்றிக் குங்குமத்தை விரலால் தொட்டு மண்ணில் அப்பி, 'ஏ அம்மணி, உன்ற வீடு தேடி ஆத்தா வந்துக்கறா, நீ என்னடான்னா வெளக்குமாத்தோட நிக்கறே' என்றாள். அவ்வளவுதான். அடுத்த செவ்வாய்க்கிழமை மஞ்சள் தண்ணீர், வெள்ளிக்கிழமை பால், பிறகு முட்டை. ஊற்றின பாலும் மஞ்சள் தண்ணியும் அஸ்திவாரத்துக்குள் இறங்கி மண் காயாமலே கிடந்தது. கரையானுக்கு வேறென்ன வேண்டும்? சோறு என் வீட்டு மரம், தண்ணி ஊரார் உபயம், காவலுக்கு ஆத்தா. இதைவிட வசதியாகக் கலெக்டர்கூட இருக்கமாட்டார் என்று துளசிமணிக்குத் தோன்றியது. தோன்றியதைச் சொல்லத்தான் முடியாது. ஒரு நாள் சரசக்கா இன்னும் ஒரு படி மேலே போய், விடிகாலையில் பாம்பு படமெடுத்து நின்றதைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னாள். வேறு யாரும் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்று சொல்லவும் யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

நாளைக்கு ஆடிக் கடைசி வெள்ளி. நாளைக்குச் சூலம் நடுகிறார்கள். அந்த இடத்தில் போய்ப் போய் முட்டிக்கொண்டு நிற்கிறது மனசு, கதவு தெரியாத ஈ கண்ணாடியில் முட்டுவதுபோல. மஞ்சளைத் துடைத்துவிடலாம், துணியை அவிழ்த்துவிடலாம், நட்ட சூலத்தை எவள் பிடுங்குவாள்? சூலம் வந்தால் தகரக் கொட்டகை வரும். கொட்டகை வந்தால் வாசல் வேண்டும் என்று காம்பவுண்டை இடிப்பார்கள். சரசக்காவின் மகன் டேப் வைத்து அளந்தே போய்விட்டான், 'பெரீம்மா, இந்தக் கல்லு வரைக்கும் எடுத்தாப் போதுமுங்க' என்று ரொம்பப் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு. பிறகு மைக் செட். பிறகு நோம்பி, திருவிழா. பிறகு இந்த வீட்டுக்குப் புற்றுக்கோயில் வீடு என்று பெயர், அப்புறம் வீடு போய் வெறும் புற்றுக்கோயில். மருந்து அடிக்க முடியாத வீட்டில் கரையான் நிலையைத் தின்று, கதவைத் தின்று, பீரோவைத் தின்று, பரணைத் தின்று, கடைசியில் சுவரும் அவளும் மட்டும் நிற்பார்கள். மருந்துக்காரரையும் அழைத்துப் பார்த்தாயிற்று. முதுகில் டேங்க்கும் கையில் துளைபோடும் மெஷினுமாக வந்து இறங்கி, 'எங்கீங்க புத்து? ஒரே அடில காலி பண்ணீர்றேன்' என்று சந்துக்குள் நுழைந்தார். மஞ்சள் துணியைக் கண்டதும் அந்த மீசை அப்படியே தொங்கிப்போயிற்று. டேங்க்கை இறக்கினார். செருப்பைக் கழற்றினார். இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். 'அக்கா, எனக்கும் புள்ளகுட்டி இருக்குதுங். வெறும் புத்தா இருந்தாச் சொல்லுங்க, ஓடியாறேன். இதுல கை வெக்கமாட்டேனுங்' என்று சொல்லி, கேட் தாண்டுகிற வரைக்கும் செருப்பைக் கையிலேயே பிடித்துக்கொண்டு போனார். வந்தவர் கும்பிட்டுவிட்டுப் போனதைத் தெருவே பார்த்தது. மருந்தடிக்கிற ஆளே கும்பிட்டானாமா என்று புற்றுக்கு மவுசு இன்னும் ஏறியதுதான் மிச்சம்.

நாச்சிமுத்துவிடம் சொல்லிப் பிரயோசனமில்லை. இதோ, ஹாலில் ஃபேனுக்குக் கீழே துண்டை விரித்துப் படுத்திருக்கிறார். தரையில். கட்டிலில் படுத்தவர்தான், கட்டில் காலைக் கரையான் தின்று போன மாதம் நடுராத்திரியில் தடாலென்று சாய்ந்தபோது, இடுப்பைப் பிடித்துக்கொண்டே எழுந்து சந்துப் பக்கம் திரும்பி, 'எலும்பு தப்புச்சு, ஆத்தா காப்பாத்தீட்டா' என்றார். தின்னது யாருங்க என்று கேட்க வாயெடுத்து விழுங்கிக்கொண்டாள். நல்ல மனுஷன். பயந்த மனுஷன். சாமி என்றாலும் பயம், சரசக்கா என்றாலும் பயம், இரண்டில் எது அதிகம் என்று அவருக்கே தெரியாது. எனக்கு மட்டும் பயமில்லையா? இருக்கிறது. பொய் சொல்லக்கூடாது. அம்மை போட்டு வேப்பிலையில் கிடந்த நாட்களில் யாரோ குளிர்ந்த கையால் நெற்றியைத் தொட்டதுபோல் இருந்ததை அவள் இன்னும் மறக்கவில்லை. ஆத்தா மேல் அவளுக்கு ஒரு குறையும் கிடையாது. ஆத்தா கேட்டிருந்தால் இந்த நிலையையே கழற்றிக் கோயிலில் கொண்டுபோய் வைத்திருப்பாள். ஆத்தா எங்கே கேட்டாள்? கேட்டதெல்லாம் சரசக்கா. இந்த இடத்தில் நினைப்பு நின்றது. வெளியே சொன்னால் நாக்கு அழுகும் என்பார்களே, மனசுக்குள் சொன்னால்? உள்ளங்கை வேர்த்தது. கைகளைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். எதுவும் ஆகவில்லை. ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

என்ன புழுக்கம் இது. காற்றைக் கட்டிப்போட்டு வைத்தாற்போல் ஒரு இலை அசையவில்லை. தெற்கே பல்லடம் பக்கம் வானம் அவித்த கத்தரிக்காய் நிறத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. சந்தின் வெளிச்சத்தில் புற்றைப் பார்த்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பார்க்காதே, பார்த்தால் வயிறு எரியும் என்று தனக்கே சொல்லிக்கொண்டு பார்த்தாள். துணிக்கு மேலே, குங்குமத்துக்கு நடுவே, புதிதாக என்னவோ. ஊசிக்கண் மாதிரி ஓட்டைகள். நேற்று இல்லை. துணியில் ஓட்டை தேடுவதே பிழைப்பாகப் போனவளின் கண். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் ஒற்றை நூல் விட்டுப்போனதுகூட அவளுக்குக் கத்திச் சொல்லும். எழுந்து சந்துக்குப் போய்ப் பக்கத்தில் குனிந்தாள். ஒவ்வொரு ஓட்டையின் வாயிலும் தலை பெருத்த கரையான்கள் காவல் நின்றன, உள்ளே எதற்கோ வழி ஒதுக்கிக் கொடுப்பதுபோல. இதை எங்கேயோ பார்த்திருக்கிறேன். எங்கே? புழுக்கம், அசையாத இலை, ஊசிக்கண் ஓட்டை. மூக்குதான் முதலில் கண்டுபிடித்தது. கண்ணுக்கு முன்னால் ஒன்றுமில்லாமலே மூக்கில் ஒரு வாசனை, வறுபட்ட நெய்யும் கருகின அரிசியும் சேர்ந்த வாசனை, வந்து நின்றது. நாக்கின் அடியில் எச்சில் ஊறியது. ஈசல்! இன்றைக்கு மழை பெய்துவிட்டால் இந்தப் புற்றிலிருந்து ஈசல் கிளம்பும். அவள் அம்மா வெங்கமேட்டுக் கரட்டில் புற்றுக்கு முன்னால் விளக்கை வைத்து, அகலமான சட்டியில் தண்ணி ஊற்றி, அதில் விழுந்து மிதந்ததை அள்ளி அள்ளி வறுத்துப் போட்டதும், கை பொசுங்கப் பொசுங்க அண்ணனோடு சண்டை போட்டுத் தின்றதும்… அட ஆத்தா. ஆத்தாவின் புற்றைப் பார்த்து வாயில் எச்சில் ஊறுகிறதே எனக்கு. அவசரமாக விழுங்கினாள். விழுங்கியதும் இன்னும் ஊறியது.

கும்பிடுவதா, தின்பதா. இரண்டும் ஒரே புற்று. இதில் போய் நினைப்பு மாட்டிக்கொண்டது. இழுத்தாலும் வரவில்லை, விட்டாலும் போகவில்லை. அன்றைக்கு அம்மா மட்டுமா வந்தாள்? கரட்டுக்கு ஊரே வந்தது. சட்டியோடும் முறத்தோடும் இடம் பிடித்துச் சண்டை போட்டார்கள். இந்தத் தெருவில் அப்படிப்பட்ட ஊரிலிருந்து யார் வரவில்லை? எதிர்வீட்டு ராசாமணி காங்கயம் பக்கத்துக் காட்டுக்காரி. பால்காரர் சம்சாரம் தாராபுரம். சரசக்கா… சரசக்காவுக்கு ஊர் அவினாசிக்கு மேற்கே ஒரு கரிசல் மேடு, புற்றைத் தவிர வேறு விளைச்சல் இல்லாத ஊர் என்று அவளே ஒருநாள் சொல்லிச் சிரித்திருக்கிறாள். இன்றைக்கு டைல்ஸ் போட்ட வீடு, வாசலில் கண்ணாடிப் பூந்தொட்டி, ஞாயிற்றுக்கிழமை பிரியாணியைத் தவிர வேறு கவிச்சி தெரியாதவள் மாதிரி மூஞ்சி. மூஞ்சியை மாற்றிக்கொள்ளலாம். நாக்கை? துளசிமணி மறுபடி ஜன்னலுக்கு வந்து கம்பியை இறுகப் பிடித்தாள். உள்ளங்காலிலிருந்து என்னவோ ஏறியது, பயம் என்றுதான் முதலில் நினைத்தாள், இல்லை, பயத்துக்கு இப்படிச் சிரிப்பு வராது. பெய்யட்டும். ஆத்தா, நீ நிஜமாகவே என் பக்கம் இருந்தால் பெய்ய விடு. இப்படி வேண்டிக்கொண்டவுடனேயே நாக்கைக் கடித்துக்கொண்டாள், யாருக்கு எதிராக யாரிடம் வேண்டுகிறோம் என்று. ஆனால் வேண்டியது வேண்டியதுதான், திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை.

பெய்தது. பெரிசாக ஒன்றும் இல்லை, ஒரு வேகவேகமான தூறல், மொட்டைமாடி ஓட்டைக்குழாய் ஒரு பாட்டம் பாடி முடிப்பதற்குள் விட்டுவிட்டது. மண்வாசனையோடு தெருப் பெண்களும் வந்தார்கள். நாளைக்குச் சூலம் நடுவதற்கு முன்னால் இன்றைக்கு அந்தியில் விளக்குப் போட்டு ஆத்தாவிடம் சொல்லிவிட்டுப் போவது முறையாம். சரசக்கா வைத்த முறை. சரசக்காவின் மகன் மஞ்சள் துணி சுற்றிய சூலத்தைக் கொண்டுவந்து காம்பவுண்டில் சாய்த்து வைத்துவிட்டு ஓரமாக நின்றான். ராசாமணி வந்தாள், பால்காரர் சம்சாரம் வந்தாள், சுத்த சைவக்காரி வனஜா மூக்குத்தி மின்ன வந்தாள், இன்னும் நாலைந்து பேர். நாச்சிமுத்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிலைக்கு உள்பக்கமே நின்றார். 'ஏனம்மணி, மூஞ்சி ஒருமாதிரி இருக்குது? நாளைக்கு ஆத்தா உன்ற வீட்டுல நெலையா நிக்கப்போறா, சிரிச்ச மொகமா இரு கண்ணு' என்றாள் சரசக்கா, ரொம்ப வாஞ்சையாக. 'சரிங்க்கா' என்றாள் துளசிமணி. உள்ளே போய்ச் சமையலறையில் அகலமான அண்டாவை இறக்கி, பாதி அளவு தண்ணீர் பிடித்தாள். தண்ணீர் விழுகிற சத்தத்தில் தன் நெஞ்சு அடித்துக்கொள்வது கேட்காமல் போகட்டும் என்று குழாயை முழுசாகத் திறந்தாள். கிளம்பாவிட்டால்? ஓட்டை போட்டுவிட்டு நாளைக்கு என்று தள்ளிப்போட்டுவிட்டால்? பூச்சிக்கு என்ன தெரியும், நாளைக்கு ஆடி வெள்ளி, விரதம், ஒருத்தியும் வாயைத் திறக்கமாட்டாள், இன்றைக்கு விட்டால் போயிற்று என்று.

சரசக்கா விளக்கை ஏற்றினாள். பெரிய விளக்கு, ஐந்து திரியும் எரிந்தது. அவள் கையால் ஏற்றியது. துளசிமணி தீக்குச்சியைக்கூடத் தொடவில்லை. எல்லாரும் கை கூப்பினார்கள். முதல் ஈசல் உச்சி ஓட்டையிலிருந்து தள்ளாடி வந்து, ஈர இறக்கையை உதறி, நேராக வெளிச்சத்துக்குப் பறந்தது. பின்னாலேயே ஒன்று. அதற்குப் பின்னால் எண்ண முடியவில்லை. புகை கிளம்பினாற்போல் ஓட்டைகள் எல்லாவற்றிலிருந்தும், குங்குமத்தைத் தள்ளிக்கொண்டு, மஞ்சள் துணியை ஊடறுத்துக்கொண்டு, சலசலவென்று கிளம்பின. பால்காரர் சம்சாரம் 'ஆத்தா தாயே!' என்று கத்தினாள். 'அருள் காட்றாடீ, அருள் காட்றா!' என்று சரசக்கா கண்ணை மூடி இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினாள். துளசிமணி உள்ளே ஓடி அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கதை மாறுகிறதே. இவர்கள் இதையும் அற்புதம் என்று எழுதிக்கொண்டுவிடுவார்கள் போலிருக்கிறதே. அண்டா கையில் கனத்தது. அதைப் புற்றுக்கு முன்னால், விளக்குக்குப் பக்கத்தில் வைத்தாள். மூடிய கண்ணோடு நின்ற சரசக்காவின் தோளில் கொழுத்த ஈசல் ஒன்று உட்கார்ந்து இறக்கையை மடக்கியது. இப்போதா. இப்போது இல்லாமல் எப்போது. கை போயிற்று. போகச் சொன்னது யார் என்று தெரியாது. ஈசலைப் பிடித்து, நான்கு இறக்கையையும் ஒரே இழுப்பில் உருவி, எல்லாரும் பார்க்க, வாயில் போட்டுக்கொண்டாள்.

மென்றாள். நிலைக்கு உள்ளே நாச்சிமுத்து இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். நாக்கில் முதலில் வெண்ணெய், பிறகு பச்சை நிலக்கடலை. வானம் இடியவில்லை. கண் அவியவில்லை. நெற்றியில் எந்தக் கையும் வந்து அறையவில்லை. மழைக்குப் பிந்தின குளிர்ந்த காற்றுதான் ஒரு தடவை நெற்றியைத் தடவிவிட்டுப் போனது, அன்றைக்கு அம்மையில் தடவியது மாதிரியே. அப்பாடா என்று அவளுக்கு உடம்பெல்லாம் தளர்ந்தது. கண்ணைத் திறந்த சரசக்கா அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்தது, முதலில். கோபத்துக்கு அடியில் இன்னொன்று மெதுவாக எழும்பி வருவதைத் துளசிமணி கண்டாள். சரசக்காவின் தொண்டை ஒரு தரம் ஏறி இறங்கியது. அண்டாவுக்குள் மடமடவென்று ஈசல் விழுந்து மிதந்தது. சரசக்கா அண்டாவைப் பார்த்தாள். புற்றைப் பார்த்தாள். மறுபடி அண்டாவைப் பார்த்தாள். பிறகு, தெருவுக்குக் கேட்டுவிடக் கூடாதே என்பதுபோல் குரலைத் தாழ்த்தி, 'அம்மணி… குருணை இருக்குதா?' என்றாள்.

இருந்தது. கோழிக்கென்று வாங்கி வைத்த அரிசிக் குருணை. அதற்குப் பிறகு நடந்ததை நினைத்து நினைத்துத் துளசிமணி ஆயுசு முழுக்கச் சிரிக்கலாம். ராசாமணி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இன்னொரு சட்டி கொண்டுவர வீட்டுக்கு ஓடினாள். பால்காரர் சம்சாரம், சற்றுமுன் தாயே என்று கத்தியவள், 'வெளக்கக் கொஞ்சம் தள்ளி வெய்யுங்க்கா, அப்பத்தான் அண்டாக்குள்ள உழுகும்' என்று யோசனை சொன்னாள். சரசக்கா அடுப்பை யாருக்கும் விடவில்லை. வடச்சட்டியில் குருணையைப் பொரியப் பொரிய வறுத்து ஒதுக்கி, தண்ணீர் வடித்த ஈசலை அள்ளிப் போட்டு, படபடவென்று இறக்கை கருகிச் சுருள, 'தீயக் கொறை, கருகீரும்' என்று அவளே சொல்லி அவளே குறைத்து, முறத்தில் கொட்டிப் புடைத்து இறக்கையை ஊதித் தள்ளி, உப்பும் மிளகாய்த்தூளும் தூவிக் குருணையோடு கலந்தாள். இத்தனை நாள் இந்தக் கை எங்கே இருந்தது! வாசனை ஹாலுக்குப் போயிற்று, சந்துக்குப் போயிற்று, தெருவுக்குப் போயிற்று. வனஜா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள், ஆனால் வீட்டுக்குப் போகவில்லை. அடுத்து என்ன ஆகும் என்று பார்க்காமல் அவளால் எப்படிப் போக முடியும். நாச்சிமுத்து நிலையைத் தாண்டி வெளியே வந்தார், ஒரு கைப்பிடி வாங்கினார், ஆத்தாவின் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு தின்றார். புற்றைச் சுற்றிப் படிக்கட்டிலும் காம்பவுண்டு விளிம்பிலும் உட்கார்ந்து எல்லாரும் தின்றார்கள். பொரிந்த சத்தம் மட்டும்.

ஆனால் சூலம் காம்பவுண்டில் சாய்ந்துதான் நின்றது. துளசிமணி அதைப் பார்க்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். தின்றதோடு போய்விடுமா, காலையில் குளித்துவிட்டு வந்து நட்டால்? அவள் நினைத்ததை ராசாமணி வாயால் சொல்லியே விட்டாள்: 'நாளைக்கு நேரத்துலயே தலைக்கு ஊத்திட்டு வந்தா சூலம் நட்டுக்கலாமுங்களா க்கா?' துளசிமணியின் வாயில் இருந்தது மண்ணாகிப்போனது. அதே ராசாமணி, கையிலிருந்த கடைசி ஈசலைப் பார்த்துக்கொண்டே, கபடம் இல்லாமல் இன்னொன்றும் கேட்டாள்: 'ஆனா பாம்பு குடியிருக்கற புத்துல எப்படீங்க்கா இத்தன ஈசல்?' எல்லாருடைய தாடையும் நின்றது. சரசக்கா முறத்தைக் கீழே வைத்தாள். புற்றைப் பார்த்தாள். மஞ்சள் துணி அவிழ்ந்து அடியில் சரிந்து கிடந்தது, அதன்மேல் உதிர்ந்த இறக்கைகள், ஒரு தவளை உட்கார்ந்து நிதானமாகத் தன் பங்கைத் தின்றுகொண்டிருந்தது. 'ஆத்தா இங்கதான் இருந்தா, கண்ணு' என்றாள் சரசக்கா கடைசியில். 'நானே பாத்தேன். இப்ப இல்ல. குடி பேந்து போயிட்டா. இருந்திருந்தா இத்தன பொம்பளைக உக்காந்து வறுத்துத் திங்கறத சும்மா பாத்துட்டிருப்பாளா?' சொல்லிவிட்டு ஒவ்வொருத்தி முகமாகப் பார்த்தாள், மறுத்துப் பேசத் துணிச்சல் உண்டா என்று. எவள் பேசுவாள், எல்லார் வாயிலும் ஈசல். 'டேய், அந்தச் சூலத்தக் கொண்டுபோயி நம்ம மாரியம்மன் கோயல்ல குடுத்துரு. அவ நின்ன எடத்துலயே நிக்கட்டும். இது வெறும் புத்து.' துளசிமணி முகத்தை வெகு பாடுபட்டுச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, 'நீங்க சொன்னாச் சரிங்க்கா, உங்களுக்குத் தெரியாததா' என்றாள். சரசக்கா அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். தெரிந்துகொண்டுவிட்டாளோ? தெரிந்தால்தான் என்ன. வாயோரத்தில் ஒட்டியிருந்த இறக்கையைத் துடைத்துக்கொண்டே, 'அடுத்த தடவ கொஞ்சம் பொட்டுக்கடல வாங்கி வெய்யி அம்மணி, இன்னும் நல்லா இருக்கும்' என்று சொல்லிக் கிளம்பினாள்.

சூலம் சரசக்கா மகனின் தோளில் ஏறித் தெருமுக்கில் திரும்புகிற வரைக்கும் துளசிமணி கேட்டில் நின்றாள். சந்தோஷம் தாங்கவில்லை. ஓடவேண்டும்போல் இருந்தது, இந்த வயதில், சுருண்ட நரம்போடு. ஓடாமல் வந்து நிலையில் முதுகைச் சாய்த்தாள். தேக்கு. இடது காலில் ஒரு ஓட்டை, அவ்வளவுதானே. தச்சரைக் கூப்பிட்டால் அந்தக் காலை மட்டும் வெட்டி ஒட்டுப்போட்டுவிடுவார், மேல்கட்டையும் வலது காலும் கல்லாட்டம் நிற்கிறது, தலையில் கட்டின நவதானிய முடிச்சு இன்னும் அப்படியே இருக்கிறது. ஓட்டையின் மேல் கட்டைவிரலை வைத்தாள், இந்தத் தடவை மூடுவதற்கு. ஹாலில் நாச்சிமுத்து தட்டை வழித்துக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்து மருந்துக்காரரின் நம்பரைத் தேடினாள். அந்தப் பக்கம் அடித்தது. 'யாருங்க?' என்றார் அவர், தூக்கக்கலக்கம் மாதிரி. தட்டை வழிக்கிற சத்தம் நின்றது, ஆனால் நாச்சிமுத்து வேண்டாம் என்று சொல்லவில்லை.

'நான் துளசிமணி பேசறேனுங்க, புத்து வீடு. விடிஞ்சதும் வந்துருங்க. இப்ப அது வெறும் புத்துதானுங்க. செருப்போடயே வாங்க.'